தங்கை கட்டிய கயிறு

பிப்ரவரித் திங்கள் பிறந்துவிட்டால் ஆரணி வட்டாரத்துக் கத்தோலிக்கக் குடும்பங்களின் நினைவெல்லாம் சேத்துப்பட்டு லூர்து அன்னையின் ஆலயத்தை நோக்கியே செல்லும். 11ஆம் நாள் அன்னையின் திருநாள். வண்டி பிடிப்போரும், நடந்தே வருவதாக நேர்ந்துகொண்டோரும், சிறுவர்க்குப் பலூன் வாங்கித் தருவதாக வாக்களித்து மாட்டிக்கொண்ட பெரியோருமாக வீடுகள் களைகட்டும். அந்த ஆரவாரம் அடங்கி இரண்டு கிழமை கழிந்ததும் அதே திங்களில் இன்னொரு திருநாள் வருகிறது. அதை நம் இல்லங்களில் நினைவிற் கொள்வோர் மிகச் சிலரே. 25ஆம் நாள், முத்திப்பேறு பெற்ற ராணி மரியாவின் நாள்.

அன்பார்ந்த வாசகர்களே, இம்மாதம் அந்த அம்மையாரைப் பற்றி எழுதத் துணிந்ததற்கு நம் வீட்டுத் தமக்கையாரே காரணம். ஆதலின் முதலில் அவரைப் பற்றிச் சில சொற்கள் சொல்லிவிடுகிறோம்.

நாம் பிறந்தது ஆரணியில் ஒரு தறிக்காரர் வீட்டில். குழித்தறியின் ஓசையே நமக்குத் தாலாட்டு. வாங்கிய பட்டு நூலை முறுக்கேற்றிப் பசை போக்கிச் சாயம் தோய்த்து, பாவாகவும் ஊடையாகவும் ஆக்கித் தறியில் ஏற்றுவதற்குள் எத்தனை கைகள் படவேண்டுமென்பதை ஜவுளிக் கடையில் சேலையைப் புரட்டிப் பார்ப்போர் அறியார். இன்று ஆரணிப் பட்டுக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது, பெருமைதான். அந்தப் பெருமையில் பாதிக்கு மேல் பெண்களுக்கு உரியது என்பது நம் கணக்கு. தறியில் அமர்ந்து நெய்பவர் பெயர் வெளியே தெரியும். ராட்டையில் தார் சுற்றுவதும், அறுந்த இழையைத் தேடி முடிவதும், பாவு தீர்ந்தால் பழைய பாவின் நுனியோடு புதிய பாவின் நுனியை இழை இழையாகப் பிணைப்பதும் பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் வேலை. விரல் நுனியில் சாம்பலைத் தொட்டுக்கொண்டு ஆயிரக்கணக்கான இழைகளைத் திரிக்க வேண்டும். கூலிக் கணக்கில் அதற்குத் தனி வரி எழுதியதாக நமக்கு நினைவில்லை.

நம் தமக்கையார் இவ்வேலைகளை எல்லாம் கற்றது வீட்டில் அன்று. மூன்றாம் வகுப்பு முடிந்த கோடையில் அன்னையார் நோயுற்றார். மருத்துவச் செலவுக்குத் தந்தையார் ஒரு தறி முதலாளியிடம் முன்பணம் வாங்கினார். முன்பணத்துக்கு ஈடாக அக்கா அவர் வீட்டுத் தறிக்குச் சென்றார். சேலையின் உடல் ஒரு நிறமும் கரை வேறொரு நிறமுமாகக் கோர்வை நெய்யும்போது ஒருவரே எல்லா நாடாக்களையும் எறிய இயலாது; மறுகரையின் நாடாவை எறிந்து வாங்கப் பக்கத்தில் ஒரு சிறு கை வேண்டும். அந்தச் சிறு கை அக்காவினுடையது. கொத்தடிமை முறையை ஒழிக்கும் சட்டம் 1976இல் வந்தது. அக்கா தறிக்குழியில் கால் வைத்தது அதற்கு வெகு முன்னர். சட்டம் வந்த பிறகும் பட்டுத்தறிகளின் ஓரத்திலிருந்து சிறு கைகள் மறையப் பல ஆண்டுகள் ஆயின என்பதை நம் தெருக்கள் அறியும்.

அன்னையார் பிழைக்கவில்லை. அடக்கத்திற்காக அக்காவுக்கு அரைநாள் விடுப்புக் கிடைத்தது. அந்த அரைநாளும் முதலாளி வீட்டுக் கணக்கு நோட்டில் ஏறியது. நோட்டை எழுதியவர் முதலாளியின் மூத்த மகன். அப்போது பதினைந்து பதினாறு வயதிருக்கலாம். கடன் தீர்ந்தபின் அக்கா வெளியே வந்தார். ஆனால் பள்ளிக்குத் திரும்பவில்லை. அவர் சுற்றிய தாரின் கூலியில் நாம் படித்தோம். இந்தப் பத்திகளை எழுதும் கைக்கு எழுத்து வந்தது அவ்வாறுதான். அக்கா அந்த வீடிருக்கும் தெருவழியே பிறகு நடந்ததில்லை. கோவிலுக்கு அது குறுக்கு வழி. இருந்தும் சுற்றிக்கொண்டே போவார்.

சென்ற மாதம் ஒரு மாலை, இந்த இதழுக்காக ராணி மரியாவின் வரலாற்றைப் படித்துக்கொண்டிருந்தபோது அக்கா அருகில் அமர்ந்து, "உரக்கத்தான் படியேன் தம்பி, நானும் கேட்கிறேன்" என்றார். படித்தோம். அதையே இங்கும் சொல்லுகிறோம்.

கேரளத்தில் பெரும்பாவூருக்கு அருகிலுள்ள புல்லுவழி என்னும் சிற்றூரில் 1954ஆம் ஆண்டு ஜனவரி 29ஆம் நாள் ஒரு பெண் குழந்தை பிறந்தது. தந்தை பைலி, தாய் எலிஸ்வா, வட்டாலில் குடும்பம். உழவுத் தொழில். மரியம் என்று பெயரிட்டனர். வீட்டில் பிள்ளைகள் பலர். இவருக்குப் பின் பிறந்த தங்கையருள் ஒருவரே பிற்காலத்தில் செல்மி பால் என்னும் கன்னியர் ஆனார். மலையாளத்தில் தமக்கையைச் சேச்சி என்பர். தங்கையைக் கையைப் பிடித்துப் பூசைக்கு அழைத்துச் செல்லும் சேச்சி ஒருத்தி கேரளத்து வீடுகளில் எங்கும் உண்டு. நம் வீடுகளிலும் உண்டு.

மரியம் 1972இல் பிரான்சிஸ்கன் கிளாரிஸ்ட் சபையில் சேர்ந்தார். 1974ஆம் ஆண்டு மே முதல் நாள் முதல் வார்த்தைப்பாடு கொடுத்து ராணி மரியா ஆனார். வட இந்தியாவில் பணியாற்ற வேண்டுமென்னும் விருப்பம் அவரிடம் தணியாதிருந்தது. 1975இன் இறுதியில் உத்தரப் பிரதேசத்துப் பிஜ்னோருக்கு அனுப்பினர். அங்கே பள்ளிப் பணியில் தொடங்கி மக்கள் பணிக்கு வந்தார். 1983இல் மத்தியப் பிரதேசத்தில் சாத்னா மறைமாவட்டத்து ஓடகடிக்கு மாற்றம். ஏறத்தாழ ஒன்பது ஆண்டுகள் அங்கே. மக்களிடையே வேலை செய்யச் சமூகத்தைப் பற்றிய கல்வி வேண்டுமென்று கருதி ரீவா பல்கலைக்கழகத்தில் சமூகவியலில் முதுகலைப் பட்டமும் பெற்றார். 1992 மே திங்களில் இந்தூர் மறைமாவட்டத்திலுள்ள உதயநகருக்கு வந்தார்.

உதயநகர் தேவாஸ் மாவட்டத்தைச் சேர்ந்தது. சுற்றிலும் பழங்குடி மக்களின் ஊர்கள். விதைக்கும் பருவத்தில் கையில் காசில்லை. வட்டிக்காரர் வீட்டு வாசலில் நிற்க வேண்டும். விளைந்தபோது விளைச்சல் வட்டிக்குப் போகும். முதல் அப்படியே இருக்கும். நிலம் ஈடாகும், நிலம் போனபின் உழைப்பு ஈடாகும். வாங்கியது எவ்வளவு, கட்டியது எவ்வளவு என்று கேட்க எழுத்தறிவு வேண்டும். அஃது இல்லாததே அந்த வாணிகத்தின் மூலதனம். இந்த இடத்தைப் படித்தபோது அக்கா, "அங்கேயும் நோட்டுதானா?" என்று கேட்டார்.

அங்கேயும் நோட்டுதான். ராணி மரியா செய்ததெல்லாம் அந்த நோட்டை மக்களுக்குப் படித்துக் காட்டியதே என்று சொல்லிவிடலாம். வங்கிகளில் உழவர்க்குக் கடன் உண்டு, அரசின் திட்டங்கள் உண்டு, அவற்றைக் கேட்டுப் பெறும் உரிமை உமக்கு உண்டு என்று ஊர் ஊராக நடந்து சொன்னார். பெண்களைக் குழுக்களாகக் கூட்டிச் சிறு தொகை சேமிக்கப் பழக்கினார். விண்ணப்பம் எழுதினார், எழுதவும் கற்பித்தார். ஊராட்சிக் கூட்டத்தில் எழுந்து பேசக் கூசியோரைப் பேசச் செய்தார். இவற்றில் வியத்தற்குரிய செயல் ஒன்றுமில்லை என்று சிலர் எண்ணக்கூடும். நம் எண்ணம் வேறு. பசித்தவனுக்குச் சோறிட்டால் ஊர் போற்றும். அவன் ஏன் பசித்தான் என்று கணக்குப் பார்த்தால் ஊரில் சிலருக்கு உறக்கம் கெடும். மூன்றே ஆண்டுகளில் உதயநகரில் சிலருக்கு உறக்கம் கெட்டது. வட்டி வாங்கியோரும் அவர்களைச் சார்ந்தோரும் கன்னியரை அங்கிருந்து அகற்ற வழி தேடினர். சமந்தர் சிங் என்னும் இளைஞனைத் தூண்டிவிட்டனர்.

1995 பிப்ரவரி 25, சனிக்கிழமை. ராணி மரியா கேரளத்துக்குப் பயணம் புறப்பட்டிருந்தார். உதயநகரிலிருந்து இந்தூர் செல்லும் பேருந்தில் ஏறினார். சமந்தர் சிங்கும் ஏறினான். வழியில் மலைப்பாங்கான இடத்தில் கத்தியை எடுத்தான். பேருந்துக்குள் குத்தி, வெளியே இழுத்துப் போட்டும் குத்தினான். உடலில் ஐம்பதுக்கும் மேற்பட்ட காயங்கள். பேருந்து நிறைய மக்கள் இருந்தனர். ஒருவரும் தடுக்கவில்லை, அச்சம் அவர்களைக் கட்டிவிட்டது. "இயேசுவே" என்னும் திருப்பெயரை மட்டுமே அவர் இறுதிவரை உச்சரித்தார் என்பர். அவருக்கு வயது நாற்பத்தொன்று. உதயநகரிலேயே அடக்கம் செய்தனர்.

சமந்தர் சிங்குக்கு ஆயுள் தண்டனை. இந்தூர்ச் சிறையில் அடைத்தனர். மனைவி அவனை விட்டுப் பிரிந்தாள். தன்னைத் தூண்டிவிட்டவர்கள் கைவிட்டுவிட்டார்கள் என்னும் சினம் அவனுள் எரிந்துகொண்டிருந்தது. சுவாமி சதானந்த் என்று மக்கள் அழைத்த சி.எம்.ஐ. சபைக் குருவானவர் ஒருவர் அவனைச் சிறையிற் சென்று காண்பதை வழக்கமாகக் கொண்டார். அவரும் கேரளத்தவரே, காவி உடுத்து வாழ்ந்தவர். ஒருமுறை இருமுறை பேசித் தீரும் செய்தி அன்று. பலமுறை சென்றார், பொறுமையாகச் சென்றார்.

இனி அந்தத் தங்கையிடம் வருவோம். செல்மி பாலும் தமக்கை சேர்ந்த அதே சபையில் சேர்ந்து கன்னியரானவர். மற்றவர்க்கு ராணி மரியா ஒரு துறவி, ஒரு மறைசாட்சி. அவருக்கோ சேச்சி. மறைசாட்சியின் மரணத்தைப் போற்றிப் பாட்டெழுதலாம், பீடம் எழுப்பலாம். சேச்சியின் மரணத்தை வீட்டார் அப்படித் தாங்கிக்கொள்வதில்லை. வரும் வழியில் கொன்றுவிட்டார்கள் என்னும் செய்தி வந்த வீடு அது.

ஏழு ஆண்டுகள் கழிந்து, 2002ஆம் ஆண்டு, ரட்சாபந்தன நாள். நம் பக்கத்தில் ஆவணி அவிட்டம் என்று சொல்லும் அதே பௌர்ணமியை ஒட்டி வடநாட்டில் அவ்விழாவைக் கொண்டாடுவர். உடன்பிறந்தாள் உடன்பிறந்தானின் வலக்கை மணிக்கட்டில் ராக்கி என்னும் கயிற்றைக் கட்டுவாள். அவளைக் காப்பது இனி அவன் கடமை. உடன்பிறவாதவனுக்குக் கட்டினாலும் அவன் உடன்பிறந்தவனே ஆகிவிடுவான் என்பது அந்நாட்டு வழக்கு. அன்று செல்மி இந்தூர்ச் சிறைக்குச் சென்றார். சமந்தர் சிங்கை வரவழைத்தார்கள். சேச்சியைக் குத்திய அந்தக் கையில் செல்மி ராக்கி கட்டினார். அண்ணன் என்று அழைத்தார்.

நாம் இவ்விடத்தில் படிப்பதை நிறுத்திவிட்டோம். அக்காவும் ஒன்றும் பேசவில்லை. தெருவில் யார் வீட்டிலோ தறி ஓடிக்கொண்டிருந்தது.

இதைச் சிறப்பான செயல் என்று சொல்லிக் கடந்துவிடுதல் எளிது. நமக்கோ அந்த நொடியின் சின்னஞ்சிறு வேலையே கண்ணில் நிற்கிறது. கயிறு கட்டுவதற்கு ஒருவன் கையைத் தொட வேண்டும். மணிக்கட்டைத் திருப்ப வேண்டும். முடிச்சுப் போடும்வரை அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். மன்னித்தேன் என்று தொலைவிலிருந்து எழுதி அனுப்பக் கூடும். முடிச்சைத் தொலைவிலிருந்து போட முடியாது. பாவு பிணைப்போர் கையை அருகிலிருந்து பார்த்து வளர்ந்ததனால் நமக்கு இப்படித் தோன்றுகிறது போலும்.

தாயார் எலிஸ்வாவும் அவனைக் கண்டார். அவன் இரு கைகளையும் எடுத்து முத்தமிட்டார். தம் மகளின் குருதி தோய்ந்த கைகள் அவை என்பதே அவர் சொன்ன காரணம். பெற்ற வயிற்றிலிருந்து வந்த சொல் அது. அதற்கு விளக்கம் எழுத நாம் முற்படவில்லை. குடும்பத்தார் மன்னித்ததோடு நில்லாது, அவனை விடுதலை செய்யும்படி அரசுக்கும் எழுதினர். 2006இல் விடுதலையானான். பிறகு புல்லுவழிக்குச் சென்றான். பைலியும் எலிஸ்வாவும் தம் இல்லத்தில் அவனை ஏற்றனர். வீட்டுக்கு வந்த மகனாகவே ஏற்றனர். தன் ஊரில் உழுது பிழைக்கத் தொடங்கியபின், உதயநகரிலுள்ள கல்லறைக்குச் சென்று வணங்குவதையும் வழக்கமாகக் கொண்டான். கொண்டார் என்று எழுதுவதே இனி முறை.

2017ஆம் ஆண்டு நவம்பர் 4ஆம் நாள் இந்தூரில், திருத்தந்தை பிரான்சிசின் சார்பில் கர்தினால் ஆஞ்செலோ அமாத்தோ ராணி மரியாவுக்கு முத்திப்பேறு பட்டம் அளித்தார். மன்னிப்பு வேறு, நீதி வேறு என்பதையும் இங்கே சொல்லிவைக்க வேண்டும். சமந்தர் சிங் பதினோர் ஆண்டுகளுக்கு மேல் சிறையில் இருந்தார். உதயநகர்ப் பெண்கள் தம் சேமிப்புப் புத்தகத்தை மூடிவிட்டு வட்டிக்காரரோடு சமாதானம் செய்துகொள்ள வேண்டுமென்று செல்மியோ எலிஸ்வாவோ கேட்கவில்லை. நம் ஊர்களில் மன்னித்துவிடு என்று ஏழையிடம் மட்டுமே சொல்லும் பழக்கம் ஒன்று உண்டு; அதற்கும் இவ்வரலாற்றுக்கும் தொடர்பில்லை.

படித்து முடித்ததும் அக்கா கேட்ட முதற் கேள்வி, "அந்தத் தங்கச்சி எத்தனை வருஷம் கழிச்சுப் போய்க் கட்டினா?" என்பது.

"ஏழு வருஷம் அக்கா."

"ஏழுதானா!" என்றார். சற்று நேரம் சென்று, "எனக்கு அறுபது பத்தல" என்றார். வேறொன்றும் சொல்லவில்லை. ராட்டையை இழுத்து முன்னே வைத்துக்கொண்டார். தார் சுற்ற வேண்டிய தேவை இப்போது நம் வீட்டில் இல்லை. பிள்ளைகள் வேறு வேலைக்குப் போய்விட்டார்கள். அண்டை வீட்டார்க்காகச் சும்மா சுற்றிக் கொடுப்பார். எழுபது வயது கடந்தும் இழை அறாது. அறுந்தால் அது நூலின் குறை என்பார், பெரும்பாலும் உண்மையே.

நாம் வற்புறுத்தவில்லை. அக்காவுக்கு எதையும் எடுத்துச் சொல்லும் தகுதி நமக்கு ஏது? அந்த நோட்டின் ஒவ்வொரு வரியையும் அவர் விரல் கொண்டு அடைத்தார், நாம் அடைக்கவில்லை. முதலாளி மறைந்து பல ஆண்டுகள் ஆகின்றன. வருத்தம் தெரிவித்து அவ்வீட்டிலிருந்து ஒரு சொல்லும் வந்ததில்லை. வராத சொல்லுக்காகக் காத்திருப்பதை அக்கா என்றோ விட்டுவிட்டார் என்று நாம் நினைத்திருந்தோம்.

மூன்று நாட்கள் சென்றிருக்கும். ஞாயிறு பூசை முடிந்து திரும்பும் வழியில், வழக்கமாகச் சுற்றிப் போகும் திருப்பத்தில் அக்கா நின்றார்.

"நோட்டு எழுதின அந்தப் பெரிய பையன், இன்னமும் அதே வீட்டுலதான் இருக்காரா தம்பி?"

இருக்கிறார் என்றோம். சென்ற ஆண்டு பக்கவாதம் கண்டு வலக்கை அசைவற்றுப் போயிற்று, படுக்கையில்தான் இருக்கிறார் என்பதையும் சொன்னோம். அக்கா அந்தத் தெருவைச் சிறிது நேரம் பார்த்தார். பிறகு வழக்கம்போல் சுற்றுவழியே நடந்தார். நாமும் பின்னால் நடந்தோம்.

நேற்று மாலை கடைத்தெருவுக்குப் புறப்பட்டபோது கூப்பிட்டு, வரும்போது ஒரு கிலோ சாத்துக்குடி வாங்கி வரச் சொன்னார். நல்லதாகப் பார்த்து வாங்கச் சொன்னார். வீட்டில் யாரும் சாத்துக்குடி தின்பதில்லை. யாருக்கு என்று நாம் கேட்கவில்லை.